மூன்றாம் நாளே தீ வைக்கலாமா? பாய்லர் உள்சுவரில் ஃபயர் பிரிக் வேலை

காங்கயம் பக்கம் அரிசி ஆலை நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் பாய்லர் உமியில் ஓடுகிறது. உமி பற்றாத நாளில் சிரட்டையும் தேங்காய் மட்டையும் போடுவோம். போன வருடம்தான் தீ எரியும் அறையான ஃபர்னஸின் உள்சுவரைப் புதிதாகக் கட்டினோம். இப்போது 4 மீட்டர் நீளமுள்ள இடதுசுவர் உள்பக்கமாக வயிறு தள்ளியிருக்கிறது. தீக்கதவுக்கு மேல் ஆர்ச்சில் மூன்று கல் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார் இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன், மூன்றாம் நாள் தீ வைக்கலாம் என்கிறார். வைக்கலாமா? சேலத்தில் மேக்னசைட் கல் பழசு மலிவாகக் கிடைக்கிறது, அதைப் போடலாமா? இடிக்கும்போது எதில் கவனம் வேண்டும்?" கூடவே படங்களும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, மூன்றாம் நாள் தீ வைக்காதீர்கள். நெல் ஊறிக்கொண்டிருக்கும், ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். சிமெண்ட் ஆலைகளிலும் கோவைப் பக்கத்து ஃபவுண்டரிகளிலும் முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலைதான் பார்த்தேன். இப்படி அவசரமாகத் தீ வைத்த சுவரை அதே வருடத்தில் மறுபடி இடிக்கப் போன அனுபவம் எனக்கு நிறைய உண்டு. உங்கள் சுவரும் அப்படித்தான் போயிருக்கிறது என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

படத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மூட்டு விரல் தடிமன் இருக்கிறது, சாம்பல் நிறத்தில். அது வீடு கட்டும் சிமெண்ட் கலவை. உங்கள் கொத்தனார் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் வீட்டுச் சுவரில் எதெல்லாம் நல்ல பழக்கமோ அதெல்லாம் இங்கே கெடுதல். செங்கல்லை ஊறவைத்துக் கட்டுவார், மூட்டை அரை அங்குலத்துக்கு நிரப்புவார், ஏழு நாள் தண்ணீர் அடிப்பார். தீயைத் தாங்கும் கல்லான ஃபயர் பிரிக்கை ஊறவைக்கவே கூடாது. சாதாரண சிமெண்ட் இறுகும்போது உள்ளே ஒரு வகைச் சுண்ணாம்பு உண்டாகும். சூடு 400, 500 டிகிரியைத் தொடும்போது அதிலுள்ள நீர் பிரிந்துபோய் வெறும் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். பாய்லரை நிறுத்தியதும் அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பொடியாகிவிடும். ஓடும்போது திடமாக இருந்த மூட்டு, இன்ஸ்பெக்ஷனுக்கு நிறுத்தி ஒரு வாரம் கழித்து விரலால் சுரண்டினால் மாவாகக் கொட்டுவது இதனால்தான். மூன்று கல் விழுந்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

சுவர் வயிறு தள்ளியதற்குக் காரணம் வேறு. ஃபயர் கிளே கல் 1000 டிகிரிக்குப் போகும்போது நூற்றுக்கு அரை பங்கு அளவில் நீளும். உங்கள் 4 மீட்டர் சுவரில் அது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். தீயைப் பார்க்கும் முகம் அவ்வளவு நீள, பின்பக்கம் அவ்வளவு சூடாவதில்லை என்பதால் அங்கே நீட்சி குறைவு. இரண்டு முனையும் இறுகக் கட்டியிருந்தால் முன்முகத்துக்குப் போக இடமில்லை, உள்பக்கமாகத்தான் வளையும். நிறுத்திக் குளிர்ந்ததும் கல் சுருங்கும், மூட்டில் விரிசல் திறக்கும், அதற்குள் உமிச்சாம்பல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை சூடேறும்போது பழைய இடம்கூட இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வயிறு பெருக்கும். ஆகவே இந்தச் சுவரை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. வளைந்த பகுதியை முழுதாக எடுத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

கட்டுவதைச் சொல்லும் முன்னால் இடிப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் அடிபடுவது அதிகமும் அங்கேதான்.

முதலில் குளிரவிடுவது. உமிச்சாம்பல் நல்ல வெப்பத்தடை. மேலே சாம்பல் நிறமாக, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அரை அடி கீழே கனல் செக்கச்செவேல் என்று நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதில் கால் வைத்து முழங்கால்வரை வெந்துபோன ஒரு பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான். நீண்ட கம்பியால் வெளியே நின்றபடியே சாம்பலை முழுவதும் இழுத்து எடுத்துவிட்டு, பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். சீக்கிரம் குளிரட்டும் என்று தண்ணீர் அடிக்காதீர்கள். நல்ல கல்லும் வெடிக்கும், கிளம்பும் ஆவி முகத்தை வேகவைத்துவிடும்.

புகையை இழுக்கும் ஐடி ஃபேன், காற்றைத் தள்ளும் எஃப்டி ஃபேன், உமி ஊட்டும் ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் மெயின் ஸ்விட்சில் பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே இறங்குபவரின் சட்டைப்பையிலேயே வையுங்கள். 'யாரும் போடமாட்டார்கள்' என்ற நம்பிக்கையில் விட வேண்டாம். எல்லாக் கதவையும் திறந்து காற்று ஓடவிட்டு, கருவி வைத்து ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லை, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இல்லை என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும். கனல் புகைந்துகொண்டிருக்கும் மூடிய அறையில் அந்த வாயு வாசனையே இல்லாமல் இருக்கும். கதவருகே ஒருவர் வேறு எந்த வேலையும் பார்க்காமல் உள்ளே இருப்பவரைக் கவனித்தபடி நிற்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது. இது என் யோசனை மட்டுமல்ல, 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஏ பிரிவே அப்படித்தான் சொன்னது. இரும்புத் தகட்டின் மேல் வியர்வையோடு நிற்கும் ஆளுக்கு வீட்டுக் கரண்ட் ஒயர் எமன்.

இடிப்பது எப்போதும் மேலிருந்து கீழே. ஒரு ஆலையில், கீழ் வரிசை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது, அதைத் தட்டினால் மேலே தானாக வந்துவிடும் என்று ஒருவர் கடப்பாரையை விட்டார். தானாகத்தான் வந்தது. ஒரு கல் நான்கு கிலோ. நாற்பது ஐம்பது கல் ஒரே பாளமாகச் சரிந்ததில் அவருடைய தோள்பட்டை உடைந்தது, அதன்பிறகு கையை முழுதாகத் தூக்க முடியவில்லை. உங்கள் ஆர்ச்சில் மூன்று கல் போயிருப்பதால் மிச்சக் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வழியின்றி நிற்கின்றன. பக்கச் சுவரில் கை வைப்பதற்கு முன் அந்த ஆர்ச்சுக்கு அடியில் முட்டுக்கொடுங்கள், அல்லது வெளியே நின்று நீளக் கம்பியால் முதலில் அதை இறக்கிவிடுங்கள். அதன் அடியில் தலையை நீட்டி யாரும் பார்க்கக் கூடாது, ஒரு நிமிடம்கூட.

அடுத்தது தூசி. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபயர் பிரிக்கிலும் உமிச்சாம்பலிலும் சிலிக்கா இருக்கிறது. உமிச்சாம்பலில் பெரும்பங்கு அதுதான். மிக அதிகச் சூட்டில் நெடுநாள் இருந்தால் அது கிறிஸ்டோபலைட் என்ற படிக வடிவத்துக்கு மாறும். உடைக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாதது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும், திரும்ப வராது. இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய்தான் சிலிக்கோசிஸ், அதற்கு மருந்து கிடையாது. படிகச் சிலிக்கா தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. என்னோடு வேலை கற்றுக்கொண்டவர் ஒருவர், என்னைவிடக் கை சுத்தம், ஆர்ச் கட்டினால் அளவுச்சட்டம் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. ஐம்பது வயதில் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை டீக்கடைவரை நடக்க மூன்று இடத்தில் உட்கார்ந்தார். எங்கள் காலத்தில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதோடு சரி. துண்டு இந்தத் தூசியைத் தடுக்கவே தடுக்காது.

ஆகவே இடிக்கும் ஆளுக்கு ரப்பர் அரைமுகமூடியும் நுண்தூசியைப் பிடிக்கும் பி100 ஃபில்டரும் வாங்கிக் கொடுங்கள். வெறும் துணி மாஸ்க் வேண்டாம். தாடி இருந்தால் முகமூடி ஒட்டாது, அதை ஆளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இடிக்கும் இடத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்கட்டும். சுவர் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். இடிந்ததை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஏர் லைனைப் பிடித்துச் சட்டையை ஊதிக்கொள்ள வேண்டாம். போட்டிருந்த துணியை ஆலையிலேயே அலசிவிட்டுப் போகச் சொல்லுங்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கும். கல் வெட்டுவதற்கும் கிரைண்டரை உலர்வாக ஓட்டாமல் தண்ணீர் விடும் கட்டரில் வெட்டி, வெட்டிய கல்லைக் காயவைத்துக் கட்டுங்கள். கதவோரம் பழைய செராமிக் ஃபைபர், அதாவது சூடு தாங்கும் பஞ்சு, இருந்தால் அதையும் இதே கவனத்தோடு நனைத்து, பையில் கட்டி எடுக்க வேண்டும்.

மேக்னசைட் கல் வேண்டாம். சேலத்து வெள்ளைக்கல்லில் இருந்து செய்யும் அந்தக் கல் உயர்ந்த சரக்குதான், எஃகு உலைக்கும் சிமெண்ட் சூளைக்கும் அது இல்லாமல் ஆகாது. உங்கள் இடத்துக்குப் பொருந்தாது. உமிச்சாம்பலின் சிலிக்காவோடு அது ஒத்துப்போகாது. ஃபயர் கிளே கல்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளும், சூட்டை வெளியே நன்றாகக் கடத்திவிடும், ஈரமும் நீராவியும் பட்டால் ஊதி வெடிக்கும். அடிக்கடி நிறுத்தி ஓட்டும் பாய்லரில் சீக்கிரம் செதில் செதிலாகக் கழன்றுவிடும். அதோடு பழைய கல் என்கிறீர்கள். சிமெண்ட் சூளையிலிருந்து கழற்றிய பழைய கல்லில் குரோம் கலந்த வகையும் இருக்கும். அதில் மஞ்சளோ பச்சையோ படர்ந்திருந்தால் கையால்கூடத் தொட வேண்டாம். அந்த வகைக் குரோமியம் தோலையும் நுரையீரலையும் கெடுக்கும், தண்ணீரிலும் கரைந்து இறங்கும்.

உங்களுக்கு வேண்டியது ஐஎஸ் 8 என்ற இந்தியத் தரநிலைப்படியான ஃபயர் பிரிக், 230க்கு 115க்கு 75 மில்லிமீட்டர் அளவு. 'அலுமினா 60, 70 சதவீதம் உள்ள கல் போடுங்கள், நிரந்தரம்' என்று கடையில் சொல்வார்கள். அலுமினா கூடுவதால் மட்டும் உங்கள் சுவர் நிற்காது. சிரட்டையும் மட்டையும் எரிக்கிறீர்கள் அல்லவா, அந்தச் சாம்பலில் பொட்டாஷ் அதிகம். அது கல்லின் நுண்துளைக்குள் புகுந்து கல்லோடு சேர்ந்து வேறு பொருளாக மாறி ஊதும், முகம் ஓடு ஓடாக உரியும். அதற்கு எதிராக நிற்பது துளை குறைந்த, கெட்டியாகச் சுட்ட கல். இரண்டு கல்லை ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள், கணீரென்று மணி போல ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

கலவை, கல் எந்த வகையோ அதே வகை ஃபயர் கிளே மார்ட்டராக இருக்க வேண்டும். பைக் கணக்கில் வாங்கி, குடிக்கிற தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, கல்லை அதில் முக்கி எடுத்து வைத்து, முன்னும் பின்னும் ஒரு தேய்ப்புத் தேய்த்து, மரச்சுத்தியால் தட்டி உட்காரவைக்க வேண்டும். மிச்சக் கலவை மூட்டிலிருந்து பிதுங்கி வந்ததும் கரண்டியால் வழித்துவிடுங்கள். நன்றாகக் கட்டிய சுவரில் மூட்டு 1 முதல் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இரண்டு மில்லி தகடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே போய்ப் பாருங்கள், மூட்டில் அது நுழையக் கூடாது. கல் தீயைத் தாங்கும், மூட்டு அந்த அளவு தாங்காது. அதனால்தான் மூட்டு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தூக்குக்குண்டும் ரசமட்டமும் வீட்டுச் சுவருக்கு வைப்பதுபோல ஒவ்வொரு வரிசைக்கும் வைக்க வேண்டும். வெட்டிய முகம் தீப்பக்கம் வரக் கூடாது, அரைக்கல்லுக்கும் சிறிய துண்டை எங்கும் சொருகக் கூடாது.

கல் நீள இடம் வேண்டும் என்பதால் உங்கள் 4 மீட்டர் சுவருக்கு 10 மில்லிமீட்டர் இடைவெளி இரண்டு விடுங்கள். கலவை ஒரு துளிகூட அதில் விழாமல் செராமிக் ஃபைபரை மடித்துச் சொருகிவிடுங்கள். முன் அடுக்கில் விட்ட இடைவெளிக்கு நேர் பின்னாலேயே பின் அடுக்கிலும் விடாமல் தள்ளி விடுங்கள், இல்லாவிட்டால் தீ நேரே தகட்டைத் தொடும். கொத்தனார் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு 'ஓட்டையாக இருக்கிறது' என்று கலவையால் மூடி நேர்த்தி பண்ணுவார். பக்கத்தில் நின்று தடுங்கள். போன வருடம் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். பின்னால் இரும்புத் தகட்டோடு பற்றிப் பிடிக்க எஸ்எஸ் 310 என்ற துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகள் இருந்தால் சுவர் உள்ளே சாயாது. பழையவை கருகி மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

தீக்கதவு ஆர்ச்சைக் கல்லிலும் கட்டலாம், காங்கிரீட் போல வார்க்கும் சூடு தாங்கும் கலவையான கேஸ்டபிளிலும் வார்க்கலாம். கல்லில் என்றால் சென்ட்ரிங் அடித்து இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே வேகத்தில் ஏறிவந்து, நடுவில் சாவிக்கல்லைப் பலகை வைத்து மரச்சுத்தியால் இறக்க வேண்டும். கையால் தள்ளி உள்ளே போய்விட்டால் அது தளர்வு. தட்டாமலே மூன்றில் ஒரு பங்கு மேலே நிற்க வேண்டும், தட்டத் தட்ட இறங்க வேண்டும். ஆப்புக் கல் கிடைக்காமல் நேர்கல்லை வைத்து மூட்டைத் தடிப்பாக்கி வளைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஆப்புக் கல் கிடைக்கவில்லை என்றால் கேஸ்டபிளே நல்லது. அதில் தண்ணீர்தான் எல்லாம். பையில் எழுதியுள்ள அளவை அளந்தே ஊற்ற வேண்டும். ஒரு கை உருண்டை பிடித்து ஒரு அடி மேலே எறிந்து பிடித்துப் பாருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை, விரலிடுக்கில் வழிந்தால் கூடிவிட்டது. வார்த்து இருபத்து நான்கு மணி நேரம் ஈரச் சாக்குப் போட்டு மூடிவையுங்கள், அதற்கு மேல் தண்ணீர் காட்டத் தேவையில்லை. உள்ளே வரும் கொக்கிகளின் நுனியில் தார் பெயிண்ட் தடவிவிட்டால், முதல் சூட்டில் அது எரிந்துபோய்க் கொக்கி நீள இடம் விடும். இல்லாவிட்டால் கொக்கி நீளும்போது வார்ப்பைப் பிளந்துவிடும்.

இனி மூன்றாம் நாள் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். 150 மில்லிமீட்டர் தடிமனில் வார்த்த கேஸ்டபிளுக்குள் இருக்கும் ஈரம், மெதுவாகச் சூடேற்றினால் வியர்வை போலக் கசிந்து வெளியேறும். பட்டென்று தீ வைத்தால் உள்ளேயே ஆவியாகி, வழி கிடைக்காமல் முகத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். நான் கேட்டிருக்கிறேன் அந்தச் சத்தத்தை, தீபாவளி அணுகுண்டு போல. கைப்பிடி அளவுத் துண்டு கதவு வழியாகப் பறந்து வந்து எதிர்ச்சுவரில் அடித்தது. நல்லவேளை எதிரே ஆள் இல்லை.

கட்டி முடித்து ஒரு நாள் மூடிவைத்த பிறகு, இன்னொரு நாள் எல்லாக் கதவையும் திறந்து காற்றில் காயவிடுங்கள். அப்புறம் கிரேட் என்ற எரிகம்பித் தட்டின் மேல் சிறிய விறகுத் தீ, உமியே வேண்டாம். சுவரோரம் சூட்டை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள் ஒன்றைத் தொங்கவிட்டு மணிக்கு 25 டிகிரி வீதம் 120 வரை ஏற்றி, அங்கே பன்னிரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். அதே வேகத்தில் 350க்குப் போய் எட்டு மணி நேரம், பிறகு மணிக்கு 30 வீதம் 600க்குப் போய் மறுபடி எட்டு மணி நேரம். அதற்கு மேல் மணிக்கு 40 வீதம் போகலாம். கூட்டிப் பார்த்தால் ஓட்டச் சூடு வர ஏறத்தாழ 58 மணி நேரம். கேஸ்டபிள் கம்பெனி தாளில் வேறு அட்டவணை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். நடுவில் கதவிலோ தகட்டு ஓட்டையிலோ ஆவி புகைவது தெரிந்தால், அது நிற்கும்வரை சூட்டை ஏற்றக் கூடாது. தீ அணைந்துவிட்டால் எட்டிப் பிடிக்க வேகமாகப் போடாதீர்கள், இருக்கிற சூட்டிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

இந்த மூன்று நாளும் பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம் கண்ணாடியில் தெரியும்படி இருக்க வேண்டும், ஏர் வென்ட் திறந்திருக்க வேண்டும். 'சின்னத் தீதானே' என்று தண்ணீர் இல்லாமல் எரிய விட்டு டியூபைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இரவில் விறகு போடுபவர் தூங்கிவிடாமல் இரண்டு ஷிஃப்டாக ஆள் போடுங்கள், மணிக்கு ஒருமுறை சூட்டைச் சுவரில் சாக்கட்டியால் எழுதச் சொல்லுங்கள். காலையில் போய் அந்த வரிசையைப் பார்த்தால் இரவு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

முதல் மாதம் ஓட்டிவிட்டு நிறுத்தும்போது உள்ளே மயிரிழை விரிசல்கள் தெரியும். கேஸ்டபிளில் அது இயல்புதான், சூடேறினால் மூடிக்கொள்ளும். கலவையைப் பூசி அடைக்க வேண்டாம். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்து நின்றாலோ, விரிசலின் ஒரு பக்கம் மற்றதைவிட முன்னால் துருத்திக்கொண்டு வந்தாலோ, படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். படம் எடுக்க உள்ளே போகும்போதும் ஃபேனுக்குப் பூட்டு, வாயு சோதனை, கதவில் ஆள், முகமூடி எல்லாம் வேண்டும்.